ஆறு பேர், ஆறு திசை: அணியை எப்படிச் சேர்த்து நிறுத்துவது?

இரண்டாம் உலகப் போரை வைத்த 'ஹெல் லெட் லூஸ்' என்ற இணையத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் மூன்று வாரமாக ஆபீசர் (அணித் தலைவர்) பொறுப்பை எடுத்து ஆடுகிறேன். கணினியில்தான், எப்போதும் இரு பக்கமும் இடங்களைப் பிடிக்க மோதும் வார்ஃபேர் முறை. பக்கத்துக்கு 50 பேர் மோதும் ஆட்டத்தில் என் அணிக்கு என்னையும் சேர்த்து 6 பேர். எல்லோரும் முன்பின் தெரியாதவர்கள்.

முதல் பத்து நிமிடம் சேர்ந்தே ஓடுகிறோம். ஒருமுறை செத்து எழுந்ததும் அவிழ்ந்த நெல்லிக்காய் மூட்டைதான். நேற்று கரான்டான் வரைபடத்தில் நாங்கள் தாக்க வேண்டிய இடம் வடக்கே. மெஷின்கன் வைத்திருந்தவர் தெற்கே ஒரு வேலியோரம் தனியாகப் படுத்துக் கிடந்தார். யாரைச் சுடக் காத்திருந்தாரோ! சப்ளை பெட்டி சுமக்கும் சப்போர்ட் வீரரிடம் அந்தப் பெட்டியை என் அருகே போடச் சொன்னேன். எங்கோ பின்னால் போட்டுவிட்டார். செத்தவர்கள் திரும்ப எழுந்து வர நம் பக்கத்தார் எல்லோருக்கும் பொதுவான இடம்தான் கேரிசன்; அதைக் கட்ட 50 சப்ளை வேண்டும், என்னிடம் ஒன்றும் இல்லை.

வரைபடத்தில் குறி வைத்துப் பார்த்தேன். அவுட்போஸ்ட்டை (என் அணி மட்டும் திரும்ப எழும் இடம்) போர்முனைக்கு அருகில் நகர்த்திக்கொண்டே இருந்தேன். நீளமாகப் பேசினேன், பிறகு இரண்டே சொல்லில் சொன்னேன். ஒருமுறை கத்தியும் விட்டேன்; இருவர் உடனே வெளியேறினார்கள். மைக்கில் பதில் சொல்பவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு என் குரல் கேட்கிறதா என்பதே தெரியவில்லை. தெரிந்த நண்பர்களோடு ஆடு என்று சொல்லாதீர்கள், அவர்கள் யாரும் இதை ஆடுவதில்லை.

பேசாத, தெரியாத ஐந்து பேரை முதல் சாவுக்குப் பிறகும் ஒரே இடத்துக்கு வரவைக்க, ஆபீசராக நீங்கள் முதலில் செய்வது என்ன?