போல்டரை டி டிரைவுக்கு மாற்றியதும் பில் மென்பொருள் திறக்கவில்லை, உதவி தேவை

மண்டபம் கணக்கர்:
மீன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். விண்டோஸ் 10. நண்டு, கணவாய், இறால் எடைச் சீட்டுகளை ஸ்கேன் செய்து பில் மென்பொருளில் ஏற்றுவோம். எல்லாம் சி டிரைவில் ‘சீட்டு’ என்ற போல்டரில்தான் விழும். இடம் மாற்ற செட்டிங்கில் வழியே இல்லை. சி நிரம்பிவிட்டதால் போல்டரை டி டிரைவுக்கு நகர்த்தி, பழைய இடத்தில் ஷார்ட்கட் வைத்தேன். நான் கிளிக் செய்தால் திறக்கிறது. மென்பொருளோ பழைய சீட்டு எதுவுமே இல்லை என்கிறது. ஜூன் 14-உடன் தடைக்காலம் முடிகிறது. படகுகள் கரை திரும்பினால் சீட்டு குவிந்துவிடும், அதற்குள் வழி சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:
அண்ணே, ஷார்ட்கட் என்பது தனியாக ஒரு சின்ன ஃபைல். நாம் தட்டினால் எக்ஸ்புளோரர் அதைப் படித்து டி-க்குக் கூட்டிப்போகும். மென்பொருள் அதையெல்லாம் படிக்காது. உங்களுக்குத் தேவை சிம்பாலிக் லிங்க், அல்லது அதற்கு மூத்ததான ஜங்ஷன். இவை ஃபைல் சிஸ்டத்திலேயே பதிவதால் யார் கேட்டாலும் விண்டோஸே திருப்பிவிடும்.

மென்பொருளை மூடிவிட்டு ‘எம்கேலிங்க்’ கட்டளை கொடுங்கள். அடுத்து சாய்கோடும் ஜே எழுத்தும், அப்புறம் சி பாதை, கடைசியில் டி பாதை. லினக்ஸ் பழகியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். அங்கே உண்மையான இடம்தான் முதலில் வரும்.

மண்டபம் கணக்கர்:
பவர்ஷெல்லில் அடித்தேன், அப்படி ஒரு கட்டளையே இல்லையாம்.

தொண்டிக்காரன்:
அது கமாண்ட் பிராம்ப்ட்டுக்குள் இருக்கும் கட்டளை. அதைத் திறந்து அடியுங்கள்.

மண்டபம் கணக்கர்:
இப்போது ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்கிறது. ஷார்ட்கட்டை அழித்துவிட்டேனே?

கீழக்கரை:
ஷார்ட்கட் காரணமில்லை, அதன் பெயரில் எல்என்கே என்ற வால் மறைந்திருக்கும். நடுவில் மென்பொருளில் ஏதாவது சீட்டு ஏற்றினீர்களா? போல்டரைக் காணாமல் அதுவே புதிதாக ஒன்றை உருவாக்கியிருக்கும். உள்ளே இருப்பதை டி-க்கு நகர்த்திவிட்டு அந்தப் போல்டரை நீக்குங்கள்.

மண்டபம் கணக்கர்:
அதேதான்! நேற்றைய சீட்டுகள் அங்கே கிடந்தன. இப்போது ஜங்ஷன் விழுந்துவிட்டது, பழைய பில் எல்லாம் தெரிகிறது. ஜே-க்குப் பதில் டி எழுத்தைப் போடச் சொல்கிறாரே என் நண்பர் ஒருவர்?

கீழக்கரை:
அந்த டி-க்கும் உங்கள் டி டிரைவுக்கும் சம்பந்தமில்லை. அது சிம்பாலிக் லிங்க் போடும். பொதுவாக அட்மின் அனுமதி கேட்கும். வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் போல்டருக்கு அதுதான் வேண்டும், உங்களுக்கு ஜங்ஷனே போதும். டி வெளி ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் மட்டும் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதன் எழுத்தை நிலையாக வையுங்கள். எழுத்து மாறினால் இணைப்பு அறுந்துவிடும்.

தொண்டிக்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு அண்ணே. பின்னால் ஜங்ஷனை எடுக்க வேண்டுமென்றால் ‘ஆர்எம்டிர்’ கட்டளைதான். ‘டெல்’ கொடுத்தால் டி-யில் இருக்கும் சீட்டுகள் போய்விடும், ஜங்ஷன் அப்படியே நிற்கும்.