சாணம் சலித்தவர்கள் வந்து சொல்லுங்கள்

கடல் பாலூட்டிகளின் சாணத்தில் ஒட்டுண்ணி தேடியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

தஞ்சாவூர் மாவட்டத்து மனோரா பக்கத்துக் கடல். வனத்துறை அனுமதி கிடைத்து மூன்றாம் நாள். மிதந்துகொண்டிருந்த ஒன்றைக் காட்டி, "தம்பி, ஆவுளியா போட்டது" என்றார் படகோட்டி அண்ணன். ஆவுளியா என்றால் கடல்பசு. கைவலையில் அள்ளிப் பார்த்தால் கடற்புல் நார், நாற்றமும் அசல் மாட்டுத்தொழுவம். சந்தோஷத்தில் மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டு மூடினேன். அங்கேதான் சொதப்பல். ஃபார்மலின் புழு முட்டையின் உருவத்தைக் காக்கும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். பாதியை எத்தனாலில் போட்டிருக்க வேண்டும். ஆய்வகத்து அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, உருவத்தையாவது பார்ப்போம் என்று மாட்டுக்குச் செய்வதுபோல உப்புக்கரைசலில் மிதக்கவிட்டேன். ஒன்றும் மேலே வரவில்லை. தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் போய்த் தங்கும். கரைசலை மாற்றிப் படியவிட்ட பிறகுதான் நாலைந்து முட்டைகள் கண்ணில் பட்டன.

எந்தப் புழுவின் முட்டை? 1954-ல் க்ரூஸும் ஃபெர்னாண்டும் கடல்பசுவிடம் கண்டு விவரித்த லங்காட்ரீமா மன்னாரென்ஸ் என்ற தட்டைப்புழு இருக்கிறது. பெயரிலேயே மன்னார்! கடல்பசுவுக்கே உரிய பாராடுஜார்டினியா ஹாலிகோரிஸ் என்ற உருளைப்புழுவும் உண்டு. ஒன்றுவிட்ட உறவான மனாட்டிக்குப் புழுக்கள் வேறு. ஆனால் முட்டையை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. டிஎன்ஏவோ ஃபார்மலினோடு போய்விட்டது.

*

அண்ணா, உங்கள் ஆவுளியா புல் தின்னுகிற சாது. மீன் வழியாக வருகிற தொல்லை அதற்குக் குறைவு. நான் ஸ்காட்லாந்துக் கரையில் சீல் (கடல்நாய்) சாணம் பொறுக்கியவள், என் பாட்டைக் கேளுங்கள்.

சாம்பல் சீலும் சாதாரண சீலும் பக்கம் பக்கமாகப் படுத்திருந்த பாறை. அவை இறங்கிப் போனதும் நாம் ஏறிப் பொறுக்க வேண்டும். எது எதனுடையது? பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு புட்டிக்கும் டிஎன்ஏ சோதனை இரண்டு: போட்டது யார், உள்ளே இருப்பது யார். அப்புறம் இன்னொரு சிக்கல். சீல் தின்ற மீனின் குடலில் இருந்த புழுவின் முட்டையும் செரிக்காமல் வெளியே வரலாம். முட்டை கிடைத்தது என்பதற்காக சீலுக்கு அந்தப் புழு இருக்கிறது என்று எழுதிவிட முடியாது. நான் எழுதினேன், திருத்தி அனுப்பினார்கள்.

மீன் வழியாக வருகிற உருளைப்புழுக்களில் இரண்டைச் சொல்கிறேன். பொதுவாக அனிசாகிஸ் முதிர்ந்து முட்டையிடுவது திமிங்கிலம், டால்ஃபின் வயிற்றில். சூடோடெர்ரனோவாவுக்கு சீல் வயிறு வேண்டும். பச்சை மீன் தின்ற மனிதனுக்குள் இவற்றின் குஞ்சு வந்தால் வயிற்றைக் குடைந்து வலி கொடுக்கும், ஆனால் முதிராது. வீடு மாறி வந்துவிட்டது, பாவம். (வலிக்கிறவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.)

*

நான் சாணம் தொட்டதில்லை, சியாட்டிலில் இருந்து செய்தி பார்த்தவன்தான். 2018-ல் இங்கே ஜே50 என்ற குட்டி ஓர்க்கா (கொலைத்திமிங்கிலம்) எலும்பும் தோலுமாக நீந்திக்கொண்டிருந்தது. அதோடு போன கூட்டத்தின் சாணத்தில் கான்ட்ராசீகம் என்ற உருளைப்புழுவின் தடயம் கிடைத்தது. ஆனால் அந்தச் சாணம் குட்டியுடையதா, கூட வந்த பெரியவற்றுடையதா? கடலில் கலந்துவிட்டதை யார் பிரிப்பது? குடற்புழு மருந்து கொடுக்கலாமா என்ற பேச்சு நடந்தது. செப்டம்பரில் குட்டியைக் காணவில்லை.

இதே கடலில் ஓர்க்கா சாணத்தை மோப்பம் பிடிக்க டக்கர் என்றொரு கறுப்பு நாய் இருந்தது. படகின் மூக்கில் நின்று திசை காட்டும். தண்ணீரில் இறங்க மட்டும் அதற்குப் பயம்.

*

தங்கச்சி, அந்த இரண்டு சோதனைக்கும் ஒரு புட்டிக்கு எத்தனை கிராம் எடுத்தீர்கள்? அடுத்த முறை படகில் எத்தனால் புட்டியைத்தான் முதலில் ஏற்றப் போகிறேன்.