முத்துத் துளையில் கம்பி நுழையவில்லை, உதவுங்கள்

வணக்கம். வீட்டிலேயே முத்துக் கம்மல் செய்யப் பழகி வருகிறேன். தொங்கலிலேயே நிற்கிறது வேலை. முத்தின் துளையில் கம்பி நுழைய மாட்டேன் என்கிறது.

முத்து: அரிசி வடிவ நன்னீர் முத்து, 6 மி.மீ நீளம், சென்னை பாரிமுனையில் சரமாக வாங்கியது. கம்பி: பித்தளை, 24 கேஜ் (கம்பியின் தடிமன் எண்). நம் ஊர்க் கணக்கில் அது 0.56 மி.மீ; வீடியோக்களில் வரும் அமெரிக்க 24 கேஜ் 0.51தான். அந்த மயிரிழை வித்தியாசத்துக்கே இவ்வளவு பாடு!

அதைவிட மெல்லிய 28 கேஜ் தாராளமாகப் போகிறது. ஆனால் கம்மலைக் கொஞ்ச நாள் போட்டாலே மேல் வளையம் நீண்டு கோணிவிடுகிறது. வளையத்துக்குக் கீழே கம்பியைக் கூடுதலாகச் சுற்றியும் அதே கதைதான். இரட்டை இழையாக முறுக்கினால் மறுபடி துளையில் அடைக்கிறது. அப்புறம், வைரத்தூள் பூசிய ரீமரை (துளையைப் பெரிதாக்கும் ஊசி போன்ற கருவி) தண்ணீரில் நனைத்துக் கையாலேயே திருகிப் பார்த்தேன். சில முத்துகளில் சரியாக வந்தது. மற்றவற்றில் துளையோரம் செதிலாகப் பெயர்ந்து பளபளப்பு போய்விட்டது. பூத்தொப்பி (முத்தின் முனையில் வைக்கும் பூ வடிவ மூடி) வைத்து மறைக்கலாம்தான், ஆனால் இத்தனை சிறிய முத்தில் பாதியை அதுவே மூடிவிடும்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டும். ஓரம் பெயராமல் துளையை 0.6 மி.மீ வரை பெரிதாக்க உங்களுக்குக் கைகொடுத்த முறை எது?