குருசடைப் பவளத்தை மூடும் பாசி எங்கிருந்து வந்தது?

பார்மீன்: "விற்பனைக்காக மிதவையில் வளர்க்கும் வெளிநாட்டுக் கப்பாபைகஸ் பாசியின் வித்து நம் கடலில் முளைக்காது, பவளத்துக்கு ஆபத்தில்லை" என்று பாசி வளர்ப்புத் திரியில் மிதவைக்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார். வித்து எதற்கு ஐயா? ஒடிந்த துண்டு ஒன்று போதும், அதுவே தழைத்துவிடும். பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவில் அது மான்கொம்புப் பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை 2008லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

மிதவைக்காரர்: மறுபடியும் குருசடையா! 12க்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். ஆக நடுவதற்கு 60 கிலோ பாசித்துண்டு, அடியில் வலை. துண்டு எப்படி வெளியேறும்? 2010, 2016இல் பவளம் வெளுத்தது கடல் சூட்டால். அதைப் பேசுங்கள்.

பார்மீன்: வலை அடியில் சரி, பக்கவாட்டில்? 45 நாளில் பாசி கனத்துவிடும், கிளை மளுக்கென்று ஒடியும். வாடையில் மிதவை ஆடினால் துண்டு பக்கவாட்டில்தான் போகும். அப்போது நீரோட்டம் பாக் விரிகுடாவிலிருந்து பாம்பன் வழியாக மன்னார் வளைகுடாவுக்கு இறங்கும். குருசடை அந்த வாசலிலேயே இருக்கிறது.

கரைவலை: பாசியில் பிழைக்கும் பெண்கள் வயிற்றில் அடிக்காதீர்கள். பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பியபோது எங்கே போனீர்கள்? மன்னார் வளைகுடாவின் 21 தீவில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் மூழ்கிப்போயின. விசைப்படகின் இழுவைமடி வலை கிளப்பும் சேற்றைப் பற்றியும் மூச்சில்லை.

மிதவைக்காரர்: அப்படிக் கேளுங்க அண்ணே. பாசிமேல் மட்டும் இவருக்கு என்ன வன்மம்? வித்து முளைக்காது, அவ்வளவுதான்.

பார்மீன்: வித்தைப் பற்றி யார் பேசினார்கள்? துண்டு, துண்டு, துண்டு! பவளத்தின் தசைக்குள் இருக்கும் நுண்பாசி வெயிலை வைத்துத்தான் அதற்குச் சோறு போடுகிறது. மேலே கப்பாபைகஸ் பாயாக விரிந்தால் வெளிச்சம் அற்று அடியில் உள்ளது சாகும். சூட்டில் வெளுத்த பவளமாவது நீர் சீக்கிரம் குளிர்ந்தால் தேறும். மூடிய பாசியை எடுக்காதவரை இது தேறாது. எடுப்பதும் லேசில்லை. வெடுக்கென்று இழுத்தால் பவளக்கொம்பும் கூடவே ஒடியும். கொம்பில் கவ்விய அடிப்பிடியை விட்டுவிட்டால் அங்கேயே தழைக்கும். பிடுங்கியதைச் சாக்கில் கட்டிக் கரையேற்றாமல் தண்ணீரில் விட்டால் அடுத்த பவளப்பாருக்கு விதைத்த மாதிரி. பாசியை மீன் கடித்து அழித்துவிடும் என்று போன மாதம் சொன்னவரும் நீங்கள்தான், மிதவைக்காரரே.

கரைவலை: வளர்ப்பையே நிறுத்தச் சொல்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பார்மீன்: தீவுக்கு எதிரே வேண்டாம் என்கிறேன். மிதவைக்கு நாலு பக்கமும் வலை கட்டு என்கிறேன்.

மிதவைக்காரர்: நாலு பக்க வலைக்குக் காசு உங்க வீட்டிலிருந்து வருமா? முதலில் வித்து முளைத்ததற்கு ஆதாரம் காட்டுங்கள்.

பார்மீன்: துண்டு என்று எத்தனை தடவை எழுதுவது?