பத்திக்குள் நிற்காத ஊர்ப்பெயர்கள்

கொக்கட்டிச்சோலையிலிருந்து:
கடந்த பெரும்போக வெட்டின்போது மாமாவின் அரிசி ஆலைக்கு, அன்றாடம் வந்திறங்கும் நெல் மூடைகளை டெர்மினலில் (எழுத்துகளை மட்டும் காட்டும் கணினித் திரையில்) அட்டவணையாகக் காட்டும் சிறிய நிரல் ஒன்றை, பைத்தன் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தேன். ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் இட்டுச் சோதித்தபோது வரம்பு கட்டியதுபோல் நேராக நின்ற பத்திகள் (அட்டவணையின் நிரல்கள்), மாமா அவற்றைத் தமிழில் உள்ளிட்ட அன்றே வரிக்கு வரி விலகிப்போயின. பிழை எங்கே என்று தேடியே இரண்டு இரவுகள் கழிந்தன. ‘மட்டக்களப்பு’ என்பதில் நமக்கு 8 எழுத்துகள்; பைத்தனோ மூன்று புள்ளிகளையும் உகரக் குறியையும் தனித்தனியே எண்ணி 12 என்கிறது. ஆகவே ஊர்ப்பெயர்ப் பத்திக்கு 20 இட அகலம் கேட்டால் அது 8 வெற்றிடங்களை மட்டுமே சேர்க்கிறது, ஆனால் திரையில் புள்ளி தனக்கென ஓர் இடத்தைப் பிடிப்பதில்லை. எழுத்துகளைச் சரியாக எண்ணவைத்த பின்னரும் ‘ணை’ போன்ற அகன்ற எழுத்துகள், திரையில் ஓர் எழுத்துக்கென உள்ள ஒரு கட்டத்துக்குள் அடங்க மறுத்தன. இறுதியில் திகதி, மூடை, நிறை ஆகியவற்றை வரியின் இடப்பக்கத்தில், தத்தம் பத்தியின் வல விளிம்பை ஒட்டி நிறுத்தி, ஊர்ப்பெயரை வரியின் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அதற்குப் பின் நேராக நிற்க வேண்டியது எதுவுமில்லை. நிலைக்குத்துக் கோடுகளையும் நீக்கினேன். மாமாவுக்கு அவை பிடித்திருந்தன என்பது வேறு கதை.

அக்கரைப்பற்றிலிருந்து:
அண்ணா, நான் வெற்றிடங்களுக்குப் பதிலாக அடுத்த நிறுத்தத்துக்குத் தாவவைக்கும் ‘டாப்’ (tab) குறியை நம்பிக் கெட்டவன். அது 8 இடங்களுக்கு ஒருமுறை நிற்பதால், வகுப்புப் பட்டியலில் 7 எழுத்துப் பெயருக்குரிய பரீட்சைப் புள்ளிகள் ஒரு பத்தியிலும் 8 எழுத்துப் பெயருக்குரியவை அடுத்த பத்தியிலும் விழுந்தன. போதாக்குறைக்கு, ஒவ்வொரு மாணவருக்கும் கீழே சமக்குறிக் கோடொன்றை இழுத்திருந்தேன். வெளியீட்டைக் கோப்பில் சேமித்து வரிசைப்படுத்தியபோது அந்தக் கோடுகள் அனைத்தும் ஓரிடத்தில் திரண்டு நின்றன. இப்போது வகுப்புகளுக்கிடையே ஒரு வெற்று வரியும், மொத்தத்துக்கு மேலே ஒரேயொரு கோடும் மட்டுமே இடுகிறேன்; வெளியீடு கோப்புக்குச் செல்லுமாயின் அக்கோடும் அச்சாகாது.

கொக்கட்டிச்சோலையிலிருந்து:
தம்பி, கோட்டின் நீளத்தையும் கவனியுங்கள். நான் 100 சமக்குறிகள் இட்டிருந்தேன். ஆலையின் பழைய கணினியில் டெர்மினலின் அகலம் 80 இடங்களே என்பதால், மிஞ்சிய 20 குறிகள் ஒவ்வொரு முறையும் அடுத்த வரியில் துண்டாக விழுந்தன. ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொண்டுவந்த, தரவைத் துளைகளாகப் பதியும் துளை அட்டையின் 80 பத்திகள் இன்றும் நம் நெற்கணக்கை அளக்கின்றன. இப்போது நிரல் முதலில் திரையின் அகலத்தைக் கேட்டறிந்து, அதற்கேற்பவே கோட்டை இழுக்கிறது.