தி ஹங்கர் (1983) பாத்தவங்க வாங்க, எந்த சீன் உங்கள விடாம தொரத்துது?

கதை ஒரு வரில: கேத்தரின் டெனவ் சாகாத ரத்தக்காட்டேரி, டேவிட் போவி அதோட காதலர், திடீர்னு மளமளன்னு கிழவனாக ஆரம்பிப்பாரு, சூசன் சாரண்டன் வயசாகறதப் பத்தி ஆராயற டாக்டர். நேரா விஷயத்துக்கு வரேன். டேவிட் போவி ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருப்பாரே, அதான். சூசன் சாரண்டன் ஏதோ மறை கழண்ட கேஸ்னு நெனச்சு கால் மணி நேரம் இருங்க வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிடும், ஆளு அந்த சேர்லயே கிழவனாகிட்டே இருப்பாரு. கத்தல் இல்ல, ரத்தம் இல்ல, தலைய கோதுனா முடி கொத்தா கையோட வருது, அவ்ளோதான். பேய்ப் படம் நெறைய பாத்தவன்தான் நான், ஆனா இப்பல்லாம் டாக்டர பாக்க டோக்கன் வாங்கிட்டு உக்காந்தாலே கை தானா தலைக்குப் போகுது.

---

அந்த சீன் ஓகே, ஒத்துக்கறேன். மிச்சமெல்லாம் பெர்ஃப்யூம் விளம்பரம்ங்க. எந்த ரூமுக்குப் போனாலும் வெள்ளைத் திரை பறக்குது, புறா பறக்குது, நீலக் கலர்ல சிகரெட் புகை. டைரக்டர் டோனி ஸ்காட் விளம்பரப் படத்துலேர்ந்து வந்தவருன்னு சொல்லாமலே தெரியுது. நானும் ஃப்ரெண்டும் சேர்ந்துதான் பாத்தோம், அவன் பாதியிலயே குறட்டை, புறா படபடன்னு அடிச்சப்ப திடுக்குனு எந்திரிச்சு "யாரு செத்தா"ன்னு கேட்டான். எனக்கே பதில் தெரியல.

---

மேல விளம்பரம்னு சொன்னவருக்கு: அந்த ஆரம்ப சீன பாத்தீங்களா இல்லையா? கிளப்ல கம்பி வலைக்குப் பின்னாடி பௌஹவுஸ் பேண்ட், பழைய டிராகுலா நடிகர் பெலா லுகோசி செத்துட்டாருன்னு பாடிட்டிருக்கும், டெனவும் போவியும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு ஜோடிய செலக்ட் பண்ணுவாங்க, நடுநடுவுல லேப்ல இருக்கற குரங்கு வெறி பிடிச்சு கூட இருக்கற குரங்கையே கொல்லும். வசனமே கிட்டத்தட்ட கிடையாது. கோரைப்பல்லும் கிடையாது, கழுத்துல தொங்கற டாலருக்குள்ள குட்டிக் கத்தி! கழுத்தறுத்த கத்திய அப்புறம் தண்ணில கழுவுவாங்க பாருங்க, ஏதோ சாப்ட்ட ஸ்பூன கழுவற மாதிரி, எனக்கு அதான் இன்னும் ஓடிட்டிருக்கு. ஸ்டைல்தாங்க இங்க கதையே.

---

எனக்கு மாடி சீன். போவி என்னைக் கொன்னுடுன்னு கெஞ்சறாரு, டெனவ் அவரத் தூக்கிட்டுப் போய் பழைய காதலருங்க பெட்டிக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிடும், உயிரோடதான். அன்னிக்கு தூக்கம் போச்சு.

அப்புறம் ஒண்ணு, தயவுசெஞ்சு இத மொபைல்ல பாக்காதீங்க. படம் பாதி இருட்டு, ஜன்னல் வெளிச்சம் பட்டா ஒண்ணும் தெரியாது, ராத்திரி லைட்ட அணைச்சுட்டு பாருங்க. டிவில மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா சீரியல் மாதிரி ஆயிடும். ஹெட்ஃபோன் கண்டிப்பா வேணும், படத்துல வர்ற ஷூபர்ட் ட்ரியோ இசையும் லாக்மே ஓபரா டூயட்டும் ஸ்பீக்கர்ல வீணாப் போயிடும். சாப்பிட்டுக்கிட்டே பாக்காதீங்க. முதல் தடவை கதைய தேடாதீங்க, ரெண்டாவது தடவை மேக்கப்ப மட்டும் கவனிங்க, டிக் ஸ்மித் கைவேலை, எக்ஸார்சிஸ்ட் படத்துக்குப் பண்ணவரு. பிரேக் விடாம பாருங்க, 97 நிமிஷம்தான்.

---

யாரு சார் கேட்டா இத்தன கண்டிஷன், படமா விரதமா?

என் பிரச்சினை கிளைமாக்ஸ். சாரண்டன் இப்படி வாழவே வேணாம்னு தன் கழுத்துலயே குத்திக்கும், சரி முடிஞ்சுதுன்னு பாத்தா கடைசில பால்கனில ஜம்முனு நிக்குது. காதலருங்க கிழடாகிடுவாங்க, டெனவ் மட்டும்தான் சாகாதுன்னு அதுவரைக்கும் சொன்ன ரூல் எல்லாம் என்னாச்சு? அந்தம்மாவே பின்னாடி இதப் பத்தி குறைபட்டிருக்கு, ஸ்டுடியோக்காரங்க அடுத்த பாகத்துக்கு வழி விட்டு வைக்கப் பண்ண வேலை.

---

பால்கனி போகட்டும், கடைசில தானே பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு டெனவ் கத்தற சத்தம் கேட்டீங்கள்ல? அதுக்காகவே நான் அந்த முடிவ ஒத்துக்குவேன். சண்டைக்கு ரெடி.