கிரபீன் நாடா ஓரத்தில் நைதரசன்: கணக்குக் குவிய மாட்டேன் என்கிறது

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கு, 7 காபன் அணு அகலமுள்ள ஆர்ம்செயர் (ஓரம் கைநாற்காலி வடிவில் வளைந்து போகும்) கிரபீன் நாடாவின், அதாவது ஓரணுத் தடிப்புக் காபன் தாளின் ஒடுங்கிய கீற்றின், ஓரத்தில் நைதரசன் வைத்தால் பட்டை இடைவெளி (இலத்திரன் இருக்க முடியாத சக்தி இடைவெளி) என்னவாகிறது என்று குவாண்டம் எஸ்பிரெசோ என்ற கணிப்பு மென்பொருளில் பார்க்கிறேன்.

தூய நாடாவில் சிக்கலில்லை. பிபிஈ என்ற அண்ணளவாக்க முறையில் இடைவெளி 1.5 இலத்திரன்வோல்ற்றுக்குக் கிட்ட வருகிறது. (பிபிஈ குறைத்துத்தான் காட்டும், தெரியும்.) ஓரத்துக் காபனையும் அதன் ஐதரசனையும் எடுத்துவிட்டு வெறும் நைதரசனை வைத்தாலும் ஒழுங்காக ஓடுகிறது. நாலும் ஒன்றும் ஐந்து, நைதரசனுக்கும் ஐந்து. வலுவளவு இலத்திரன் கணக்கு மாறவில்லை. இடைவெளி பெரிதாக அசையாமல் பட்டைகள் மட்டும் கீழே இறங்குகின்றன.

ஐதரசனை நைதரசனிலேயே விட்டால்தான் தலையிடி. ஓர் இலத்திரன் கூட, மொத்தம் ஒற்றைப்படை. இலத்திரன் தற்சுழற்சியைச் சேர்த்து ஓடவிட்டால் சக்தி ஒரு பெறுமானத்தில் குவியாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே நிற்கிறது. மிக்சிங் பீட்டாவை (ஒவ்வொரு சுற்றிலும் புதிய இலத்திரன் அடர்த்தியை எவ்வளவு கலப்பது என்ற எண்) 0.7 இலிருந்து 0.2 இற்குக் குறைத்தும் அடங்கவில்லை. ஸ்மியரிங் (இலத்திரன் நிரம்பலைச் சக்தியில் பரப்பிவிடும் அளவு) எவ்வளவு வைக்கலாம்? கூட்டினால் காந்தத் திருப்பமே கரைந்துவிடுமோ என்று பயம். தொடக்கக் காந்தமாக்கத்தை நைதரசனுக்கு மட்டும் கொடுப்பதா, பக்கத்துக் காபன்களுக்குமா?

இன்னொன்று, என்னுடையது 8 ஜிபி லப்டப். இடையில் கரண்ட் போனால் பற்றரி தாங்காது. எங்கேயாவது சேர்வரில் கொஞ்ச நேரம் எடுத்துத் தரக்கூடியவர்கள் இருந்தால் பெரிய உதவி. கேட்டால் இன்புட் கோப்பை அனுப்புகிறேன். ஓரம் பல்பல்லாகப் போகும் சிக்சாக் நாடாவுக்கு மாறு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதன் ஓரக் காந்தம் தனி வழக்கு.